புல் இல்லாத கோடையிலும் குதிரை கொழுக்கும்: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகக் குதிரை வளர்ப்போருக்கு

பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு. போன சித்திரையில் ஒரு மட்டக்குதிரையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சுற்றிலும் வெண்மணல், பச்சை என்று சொல்ல உடைமரமும் பனையும்தான். குதிரை மட்டும் உருண்டு திரண்டு நின்றது. அதை வாங்கி எட்டு மாதம்தான் ஆன பையன் கேட்டான் (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்): "காக்கா, தரையில ஒரு அறுகுகூட இல்ல. இது எப்படிக் கொழுத்துச்சு?"

ஒரு நாளைக்கு என்னென்ன போடுகிறாய் தம்பி என்று கேட்டேன். காலையில் தவிட்டுக் கஞ்சி, அதில் ஒரு வட்டு கருப்பட்டி. மதியம் வடித்த சோறு. மாலையில் அவித்த கொள்ளு. இடையிடையே வீட்டுப் பிள்ளைகள் கொடுக்கும் வாழைப்பழம். "புல்லு இல்லையே, பாவம்னு போடுறோம் காக்கா" என்றான்.

அந்தப் பாவம்தான் நம் கடற்கரைக் குதிரைகளைக் கெடுக்கிறது. கோடையில் இங்கே புல்லால் கெட்ட குதிரையை நான் அதிகம் பார்த்ததில்லை. புல்லுக்குப் பதிலாக நாம் அள்ளிப் போடுவதால் கெட்டவைதான் அதிகம். மெலிந்து போகும் குதிரையும் ஊதிப் போகும் குதிரையும் ஒரே தெருவில் நிற்பதற்குக் காரணமும் இதுதான். ஆகவே புதிதாக வளர்க்க வந்தவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர்க் காலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கைப்பேசியில் குதிரை மேய்ச்சல் பற்றித் தேடினால் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே வசந்தத்திலும் கோடையிலும் புல் பொங்கி வளரும், அதில் சர்க்கரை ஏறும். குதிரையைப் புல்லிலிருந்து விலக்கி வைப்பதே அவர்கள் பாடு. நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில். புல் பொங்குவது அப்போதுதான். தை, மாசியில் நெல் அறுத்த தாள், அதன்பின் வற்றி வரும் கண்மாய்களின் உள்வாயில் கொஞ்சம் அறுகும் கோரையும். பங்குனி முடிவதற்குள் அதுவும் போய்விடும். மே 4-ஐ ஒட்டி அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது குதிரைக்கு மேய்ச்சல் என்று பெயருக்குத்தான் இருக்கும். அடுத்து ஆனி, ஆடியில் மணலை வாரி அடிக்கும் காற்று.

புல்லின் இனமும் வேறு. அறுகு போன்ற வெப்பநாட்டுப் புற்கள், குளிர்நாட்டுப் புற்கள் சேமிக்கும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரையைச் சேமிப்பதில்லை. அவற்றின் சர்க்கரை பொதுவாகக் குறைவு. அதனால் வெளிநாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, காய்ந்த அறுகைக் கொறிக்கும் குதிரையைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு. வரிசையாக வருகிறேன்.

எடை பார்ப்பது: கண்ணை நம்பாதீர்கள்

தினமும் பார்க்கும் குதிரை மெலிவதும் கொழுப்பதும் கண்ணுக்குத் தெரியாது. நாடாவுக்குத் தெரியும். தையல்காரர் டேப் 150 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், பெரிய குதிரைக்குப் போதாது. இழுத்தால் நீளாத கயிற்றால் சுற்றி அளந்து, பிறகு கயிற்றை டேப்பில் வைத்துப் பார்த்தாலும் சரிதான்.

குதிரையைச் சமதரையில் நான்கு காலும் சதுரமாக ஊன்றி நிற்க வையுங்கள். முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், தோள்மேட்டைச் சுற்றி மார்புச் சுற்றளவு எடுங்கள். மூச்சை விட்ட நேரத்தில் அளவைப் படியுங்கள். அடுத்து முன்தோளின் முனையிலிருந்து பின்புட்டத்தின் முனை வரை நீளம். கணக்கு இப்படி: சென்டிமீட்டரில் எடுத்த சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 145, நீளம் 135 என்றால் சுமார் 239 கிலோ வரும். இது வளர்ந்த குதிரைக்கு மட்டும் பொருந்தும். குட்டிக்கும் சினைக்குதிரைக்கும் சரியாக வராது. பத்து, இருபது கிலோ முன்பின் இருக்கலாம். அதனால் கவலையில்லை. ஒரே ஆள், ஒரே நேரத்தில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். நமக்கு வேண்டியது அதுதான்.

நாடாவை வைத்த பிறகு கையை வையுங்கள். உங்கள் இடது கையை முஷ்டியாக மடக்கி, விரல் மொட்டுகளின் மேல் வலது கை விரலை ஓட்டிப் பாருங்கள். குதிரையின் விலா அப்படி மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் மெலிவு. கையை விரித்துப் புறங்கை எலும்பைத் தடவினால் எப்படி இருக்கிறதோ அப்படி, பார்வைக்குத் தெரியாமல் கைக்குத் தெரிந்தால் சரியான உடல். உள்ளங்கையின் சதைப்பகுதிபோல அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. மருத்துவர்கள் இதையே 1 முதல் 9 வரை மதிப்பெண்ணாகச் சொல்வார்கள். ஹென்னெக் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1983-இல் வகுத்த அளவுகோல் அது. 5 என்பது நடு. வேலை செய்யும் குதிரை 5-இல் இருந்தால் நிம்மதி.

மூன்றாவது இடம் கழுத்து. நம் பக்கத்து அய்யனார் கோயில்களில் புரவி எடுப்புக்குச் செய்யும் மண்குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். பிடரி தடித்து, வளைந்து, கம்பீரமாக நிற்கும். சுட்ட மண்ணில் அது அழகு. உயிருள்ள குதிரைக்குப் பிடரி அப்படிக் கெட்டியாகி, பிடித்து ஆட்டினால் ஆடாமல் நின்றால், அது உடம்பில் இன்சுலின் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். லேமினைட்டிஸ் என்ற குளம்பு நோய் அடுத்து வாசலில் நிற்கிறது என்று பொருள். "நல்ல பிடரி" என்று சந்தையில் சொல்லி விற்பார்கள். ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் பிடரியைப் பார்த்து மயங்காமல் விரலால் அழுத்திப் பாருங்கள்.

எங்கே, எப்போது மேய விடுவது

காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை, மாலையில் ஐந்துக்குப் பிறகு. இடையில் நிழல். பனை நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும், கட்டிப் போட்ட குதிரை நகர முடியாது. அதனால் பனையடியில் முளையடித்துக் கட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். ஓலைக் கொட்டகைதான் நல்லது. தகரம் போட்டால் மேலே ஓலையும் வேண்டும். கடல்காற்று ஒரு பக்கமாவது உள்ளே வர வேண்டும்.

நம் கரையில் வெயிலைவிடக் காற்றின் ஈரம் கொடியது. வியர்வை உலராது, உடம்பு குளிராது. குதிரைக்காரர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு ஈரப்பத விழுக்காட்டைக் கூட்டுங்கள். 130-க்குக் கீழ் என்றால் கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும். 180-ஐ நெருங்கினால் ஏறவே கூடாது. 34 டிகிரி செல்சியஸ் என்பது 93 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 75 என்றால் 168. வைகாசியில் உச்சிப்புளியிலோ கீழக்கரையிலோ இது சாதாரண நாள். சவாரிக்கு விடுபவர்கள் இந்தக் கூட்டலைத் தினமும் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்மாய்க்குள் மேய விட்டால் புல்லை வேரோடு கரண்ட விடாதீர்கள். நான்கு விரல் உயரத்துக்குக் கீழே போனதும் இடத்தை மாற்றுங்கள். அதற்குக் கீழே குதிரை தின்பது மண்ணைத்தான். இடத்தை முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு கண்மாய் ஓரங்களில் பச்சையாகவே நிற்கும், அது நஞ்சு. அரளி ஒரு கைப்பிடி போதும், குதிரை செத்துவிடும். கோயில் நந்தவனங்களின் பக்கம் கட்டுவோர் கவனம். ஆமணக்கு விதையும் அப்படியே. தீவனத்துக்கென்று சிலர் நட்டிருக்கும் சவுண்டலை ஆடு தின்னும், குதிரை தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் உதிர்ந்துவிடும். கடற்கரையில் நைலான் வலைத் துண்டுகளும் தூண்டில் முள்ளும் கிடக்கும். குடலில் சிக்கினாலும் காலில் சிக்கினாலும் இரண்டும் கேடுதான்.

இனி இந்த மாவட்டத்துக்கே உரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலங்காய். எதுவும் விளையாத கோடையில் அது மட்டும் மஞ்சள் மஞ்சளாக உதிர்ந்து கிடக்கும். இனிப்பானது, ஆடு தேடித் தேடித் தின்னும், குதிரையும் விடாது. புல்லில் இல்லாத சர்க்கரை அந்தக் காயில் இருக்கிறது. வயிறு நிறையத் தின்ற குதிரைக்குக் குடல் அடைத்து வலி வரும், ஏற்கெனவே கொழுத்ததற்குக் குளம்பு பழுதாகும். "மேய்ச்சலே இல்லை, ஆனாலும் கொழுக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அது கட்டியிருக்கும் இடத்தில் கருவேல மரம் இருக்கிறதா என்பதைத்தான். பெரியபட்டினத்துப் பையனின் தோப்பு வேலி முழுக்க அதுதான். காய்க்கிற மாதங்களில் வேலியிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், தினமும் பெருக்குங்கள். முள்ளும் குளம்புக்கு ஆகாது.

மணல்

தரையில் போட்ட தீனியோடு மணலும் உள்ளே போகும். குடலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் சூலை என்ற கடும் வயிற்றுவலியாக வெளிப்படும். இந்தக் கரையில் இது ஆண்டு முழுவதும் உண்டு. புல் கட்டையாகிவிடும் கோடையில்தான் அதிகம்.

சோதிப்பது எளிது. புதிதாக விழுந்த லத்தியில் தரையைத் தொடாத மேல் உருண்டைகள் ஆறு எடுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, ஒரு மூலை கீழே இருக்கும்படி தொங்க விடுங்கள். கால் மணி நேரம் கழித்து அந்த மூலையை விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி மணல் படிந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இசப்கோல் கொடுக்கலாமா, எத்தனை நாள், வேறு மருந்தும் சேர்த்துக் குழாய் வழியாக விட வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஒருமுறை மணல் தெரியவில்லை என்பதால் உள்ளே இல்லை என்று ஆகாது. மாதம் ஒருமுறை பாருங்கள்.

தடுப்பது அதைவிட எளிது. முழங்கால் உயரத்தில் சிமெண்ட் தொட்டி, அதன் அடியில் சிந்துவதற்கு ஒரு ரப்பர் பாய். உலர்புல்லை வலைப்பையில் வைப்பது மிக நல்லது, மெதுவாகத் தின்னும், சிந்தாது. வலை கட்டும் ஆட்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. தடித்த கயிற்றில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் கண்ணாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். பழைய தங்கூசி (நைலான் இழை) வலை வேண்டவே வேண்டாம், பல்லில் அறுந்து வயிற்றுக்குள் போகும். கால் தூக்கினால் குளம்பு மாட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

தண்ணீரும் உப்பும்

240 கிலோ மட்டக்குதிரை சாதாரண நாளில் 12 முதல் 15 லிட்டர் குடிக்கும். கோடையில், அதுவும் உலர் தீனி தின்றால், 30 லிட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். கடலோர ஆழ்துளைக் கிணற்றில் வருவது பல இடங்களில் உவர். தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்க, தண்ணீர் விற்பவர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கி ஒருமுறை பாருங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராமுக்குள் இருந்தால் குதிரை தாங்கும். அதற்கு மேல் போகப் போகக் குடிப்பது குறையும், வயிற்றோட்டம் வரும், 7,000 ஆபத்து. ஊரணித் தண்ணீர் கிடைத்தால் அதைக் கொடுங்கள். குடங்குடமாக விலைக்கு வாங்கும் வீட்டில் குதிரை வளர்க்கப் போகிறீர்கள் என்றால் வாங்குவதற்கு முன்பே அந்தச் செலவைக் கணக்குப் போட்டுவிடுங்கள். பிறகு குறைத்துக் கொடுக்க மனம் வரக் கூடாது.

நல்ல தண்ணீர் தாராளமாக இருக்கும் குதிரைக்குத் தீனியில் தினம் ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு. வியர்த்து உழைத்த நாளில் இரண்டு. உவர் தண்ணீர் குடிப்பதற்குக் குறையுங்கள். உழைத்தும் வியர்க்காமல், தோல் உலர்ந்து, மூச்சு மட்டும் வாங்கும் குதிரையை உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை விடாமல் ஊற்றுங்கள். ஈரப்பதமுள்ள வெப்பநாடுகளில் வியர்வையே நின்றுபோகும் நோய் ஒன்று குதிரைக்கு உண்டு. சூட்டில் இருக்கும் குதிரைமேல் பச்சைத்தண்ணீர் படக் கூடாது என்பது தவறான நம்பிக்கை.

தீனிக் கணக்கு

குதிரையின் குடல் நார்த்தீனிக்காக அமைந்தது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எடையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்ந்த நார்த்தீனி என்பது அடிப்படை. 240 கிலோவுக்கு 4.8 கிலோ. உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் ஐந்தரைக் கிலோ என்று வையுங்கள். அறுத்த பச்சைப்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர், அதனால் பச்சையாகக் கொடுத்தால் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு வேண்டும். மீன் கடைத் தொங்கு தராசு ஒன்று வாங்கிக் கொட்டகையில் மாட்டுங்கள். "ஒரு கட்டு" என்பது அளவாகாது. ஒருவர் கட்டு இரண்டு கிலோ, இன்னொருவர் கட்டு நான்கு.

எதைக் கொடுப்பது என்பதில்தான் இங்கே நிறையப் பேர் தவறுகிறார்கள். வைக்கோல் மலிவாகக் கிடைக்கும். அதில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) புரதமும் மிகக் குறைவு, சிலிக்கா அதிகம், பல் போன கிழக்குதிரைக்குக் குடல் அடைக்கும். நார்த்தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நிலக்கடலைக் கொடி மிக நல்லது, பூசணம் பிடிக்காமலும் வேர் மண்ணை உதறியும் இருந்தால். காய்ந்த சோளத்தட்டை பரவாயில்லை. மழையில்லாமல் வாடி நிற்கும் இளம் சோளத்தில் மேய விடவே கூடாது, அதில் சயனைடு உண்டு.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி: கோ-4, கோ-5 என்ற கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் போடலாமா? மாட்டுக்கு அருமையான புல், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்தது. குதிரைக்கு அதை மட்டுமே போட்டால் தொல்லை. நேப்பியர், கினியா, நம் தரிசுகளில் வளரும் கொழுக்கட்டைப்புல் இவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. தீனியிலுள்ள சுண்ணாம்புச்சத்தை அது பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் அது பெருமளவு சிதைந்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. கூடவே தவிட்டையும் கொட்டினால் தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் மிச்சச் சுண்ணாம்பையும் கெடுக்கும். உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் மூக்கெலும்பும் தாடையும் வீங்கி முகம் பெருக்கும், காரணம் தெரியாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும். நேப்பியரும் தவிடும் சேர்ந்த தீனிதான் இன்று கடற்கரையில் பெரும்பாலான குதிரைகளுக்குப் போகிறது. இதை மாற்றச் சொல்லி நான் கெஞ்சாத ஆளில்லை. நேப்பியர் பாதிக்கு மேல் வேண்டாம். மீதிக்கு அறுகு, கடலைக்கொடி, கிடைத்தால் வேலிமசால். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் குதிரைமசால் சுண்ணாம்புச்சத்து நிறைந்தது. நம் உவர் மண்ணில் வளர்ப்பது கடினம், வெளியூரிலிருந்து உலர்ந்தது வந்தால் ஒரு நாளைக்கு அரைக் கிலோ போட்டாலும் பயன் உண்டு. கால்சியம் கார்பனேட் தூள் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுச் சேருங்கள்.

கொள்ளுக்கு வருகிறேன். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை நம்பி, கொழுத்த குதிரை இளைக்கட்டும் என்று கொள்ளு போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பழமொழி மனிதருக்கு. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், மாவும் ஏராளம். உழைக்கும் குதிரைக்கு ஊறவைத்து அவித்து அளந்து போடுங்கள், சும்மா நிற்கும் கொழுத்த குதிரைக்குத் தேவையே இல்லை.

மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் மூட்டையைக் குதிரை இருக்கும் இடத்தில் வைக்கவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது.

சோறு? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாததால் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்ததையும், சோற்றோடு இறைச்சி சமைத்துப் போட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். பெரியபட்டினமும் அந்தக் காலத்துத் துறைமுகம்தான், சீனப் பீங்கான் ஓடுகள் இங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. எழுநூறு ஆண்டு கழித்தும் அதே மண்ணில் குதிரைக்கு நாம் சோறு வடித்துப் போடுவது எனக்கு மிகுந்த வருத்தம். ராமேஸ்வரம் பக்கம் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள், பயணிகள் கொடுக்கும் பொங்கலையும் பழத்தையும் தடுக்கத் தயங்காதீர்கள். கொடுக்க ஆசைப்படுகிறவர் கையில் ஒரு பிடி அறுகைக் கொடுங்கள்.

கொழுத்ததை இறக்குவது

பட்டினி போடாதீர்கள். மட்டக்குதிரையும் கழுதையும் திடீரெனப் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து ஈரல் கெட்டுச் செத்துப்போகும். முதலில் தவிடு, சோறு, கருப்பட்டி, பழம், கொள்ளு இவற்றைப் பத்து நாளில் படிப்படியாக நிறுத்துங்கள். நார்த்தீனியை எடையில் நூற்றுக்கு 1.5 பங்காக்குங்கள், அதற்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் போகக் கூடாது. உலர்புல்லை அரை மணி முதல் ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்தால் சர்க்கரை கொஞ்சம் போகும். நம் சூட்டில் சீக்கிரம் புளிக்கும், ஊறியதை அப்போதே கொடுத்துவிடுங்கள். மேய விடும் நேரத்தில் வாய்க்கூடை போடலாம். தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் கழற்றிவிடுங்கள். குளம்பு நன்றாக இருந்தால் விடிகாலையில் நடை, பிறகு மெல்லோட்டம்.

வாரத்துக்கு எடையில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு இறங்கினால் போதும். பெரியபட்டினத்துக் குதிரை சித்திரையில் நாடாக் கணக்கில் 262 கிலோ இருந்தது. புரட்டாசியில் 231. நடுவில் இரண்டு முறை ஒரு கிலோகூட இறங்கவில்லை. விசாரித்தால் வீட்டுப் பெரியம்மா ரகசியமாகச் சோற்றுக்கஞ்சி வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மெலிந்ததை ஏற்றுவது

தீனியைக் கூட்டுவதற்கு முன் மூன்று கேள்வி. பல் சரியாக இருக்கிறதா? கூர்ந்த பல் கன்னத்தைக் கிழித்தால் மென்ற புல்லை உருண்டையாகத் துப்பும். குடற்புழு? லத்தியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். காய்ச்சல் வந்து வந்து போகிறதா, வயிற்றின் அடியிலோ காலிலோ நீர் கோத்திருக்கிறதா? கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற நோய் குதிரையை உருக்கிவிடும். இரத்தம் பார்க்காமல் தெரியாது, தீனியால் தீராது.

மூன்றும் இல்லை என்றால் நல்ல நார்த்தீனியை முதலில் தாராளமாக்குங்கள். பிறகு தானியம், ஒரு வேளைக்கு 100 கிலோ எடைக்கு 250 கிராமைத் தாண்டாமல், இரண்டு மூன்று வேளையாக. கடலை எண்ணெய் 20 மில்லியில் தொடங்கி இரண்டு வாரத்தில் 100 மில்லி வரை கொண்டுபோகலாம்.

இரவென்றாலும் கூப்பிட வேண்டியவை

முன்னங்கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்பது, கெட்டித் தரையில் அடி வைக்கத் தயங்குவது, குளம்பு சூடாக இருப்பது, கணுக்காலின் பின்பக்கம் நாடி தெறிப்பது: இது லேமினைட்டிஸ், குளம்புக்குள் அழற்சி. நான் குதிரை வைத்த முதல் கோடையில் இதைக் "கால் சுளுக்கு" என்று நினைத்து இரண்டு நாள் நடக்க வைத்தேன். நடக்க வைத்ததால்தான் அது முற்றியது. அந்தக் குதிரை பிறகு சவாரிக்கு நிற்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கலங்கும். நடக்க விடாதீர்கள், தானியத்தை நிறுத்துங்கள், மெத்தென்ற ஆழமான மணலில் நிறுத்துங்கள். மீன் ஏலக் கூடத்தில் பொடி ஐஸ் கிடைக்கும். தண்ணீரோடு வாளியில் போட்டு, மருத்துவர் வரும் வரை குளம்புகளை அதில் வையுங்கள்.

தரையில் புரள்வது, வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, லத்தி நின்றுபோவது சூலை. உடல் சூடு 40 செல்சியஸைத் தாண்டுவது வெப்பத்தாக்கு. சாதாரணம் 37.5 முதல் 38.5 வரை. கால்நடை அவசர ஊர்திக்கு 1962. உங்கள் பக்கத்தில் குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதை நோய் வருமுன்பே விசாரித்து வையுங்கள்.

மழை வந்ததும்

புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்து பத்து நாளில் தரிசெல்லாம் பச்சைப் பூத்துவிடும். ஆறு மாதம் காய்ந்ததைத் தின்ற குதிரையை அன்றே அவிழ்த்துவிட ஆசையாக இருக்கும். முதல் நாள் அரை மணி நேரம், அதுவும் உலர்புல் தின்று வயிறு பாதி நிறைந்த பிறகு. தினம் கால் மணி நேரம் கூட்டி இரண்டு வாரத்தில் பழக்குங்கள். கோடையில் கொழுத்திருந்த குதிரைக்கு இந்த மாதங்களில் விடிகாலை மேய்ச்சல் மட்டும் போதும். பச்சைப்புல்லில் சர்க்கரை சாயங்காலம்தான் உச்சத்தில் இருக்கும். நேப்பியர் துளிர்த்துக் கொழிப்பதும் இப்போதுதான், மேலே சொன்ன பாதிக் கணக்கு இப்போதும் பொருந்தும். அவிழ்த்துவிடும் அன்று காலை சுற்றளவும் நீளமும் எடுத்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பதினைந்தாம் நாள் மறுபடி நாடாவை எடுங்கள்.